வழக்கறிஞர் காந்தியடிகளும் கட்சிக்காரரின் சொத்தும்

காந்தியடிகளை நாம் பல வடிவங்களில் அறிவோம். தண்டிக் கடற்கரையில் உப்பெடுத்தவராக, இராட்டை சுற்றியவராக, நவகாளியில் வெறுங்காலோடு நடந்தவராக அவரைப் பாட நூல்கள் நமக்குக் காட்டியுள்ளன. ஆனால் அவர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வழக்கறிஞர் தொழில் நடத்தியவர் என்பதை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. கட்சிக்காரரின் பணமும் நிலமும் நகையும் வந்து குவியும் இடம் வக்கீலின் அறை. அங்கே அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அறிவது சட்டம் பயிலச் செல்லவிருக்கும் மாணவர்க்கு மட்டுமன்றி, பிறர் பொருளைக் கையில் வைத்துப் பணியாற்றப் போகும் அனைவர்க்கும் பயன் தரும்.

நம் ஊர்களில் வழங்கும் பேச்சு ஒன்று உண்டு. ஒருவன் காணிக்காக வழக்காடுவான். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமிராது. வழக்கிலுள்ள நிலத்திலேயே ஒரு பங்கை எழுதிக் கொடுப்பதாகச் சொல்வான். தீர்ப்பு வரும்போது வழக்கில் வென்றவன் அவனாக இருந்தாலும் நிலம் வேறொருவர் பெயரில் இருக்கும். இதில் குற்றம் என்ன என்று கேட்கலாம். கொடுப்பவன் மனமுவந்து கொடுக்கிறான். வாங்குபவர் உழைப்புக்கு வாங்குகிறார். இருவரும் இசைந்த பின் மூன்றாமவருக்கு என்ன? இக்கேள்விக்கு விடை காண அண்ணலின் வாழ்க்கையே நமக்குத் துணை செய்கிறது. அவர் கடைப்பிடித்த நெறியும் விடை தருகிறது. அவர் ஒருமுறை தவறியதும் விடை தருகிறது.

தொடக்க நாட்கள்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி 1869-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் போர்பந்தரில் பிறந்தார். 1888-இல் இலண்டன் சென்று இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தில் சேர்ந்தார். 1891 ஜூன் 10-ஆம் நாள் பாரிஸ்டர் ஆனார். அடுத்த நாள் உயர்நீதிமன்றத்தில் பெயரைப் பதிந்துகொண்டு அதற்கடுத்த நாளே தாயகத்திற்குக் கப்பலேறினார்.

பம்பாயில் தொழில் தொடங்கியவர்க்குக் கிடைத்த முதல் வழக்கு சிறு வழக்கு நீதிமன்றத்தில் வந்தது. கூலி 30 ரூபாய். வழக்கைக் கொண்டுவந்த தரகருக்குத் தரகு கொடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய பெரிய வக்கீல்களே கொடுக்கிறார்கள் என்றும் எடுத்துக் காட்டினார்கள். அவர் கொடுக்க மறுத்துவிட்டார். ஆனால் நீதிமன்றத்தில் எழுந்து நின்றபோது தலை சுற்றியது. குறுக்கு விசாரணைக்கு ஒரு கேள்வியும் எழவில்லை. அமர்ந்துவிட்டார். வழக்கை வேறொருவரிடம் ஒப்படைக்குமாறு சொல்லி, பெற்ற கூலியைத் திருப்பிக் கொடுத்தார். செய்யாத வேலைக்குக் கூலி பெறுவதில்லை என்னும் எண்ணம் அன்றே அவரிடம் இருந்தது.

எனினும் அவர் பிறவியிலேயே குற்றமற்றவராய் வந்தவர் அல்லர். இராஜகோட்டுக்குத் திரும்பி மனு எழுதும் வேலையில் மாதம் 300 ரூபாய் வரை ஈட்டிய காலத்தில், வேலை அனுப்பிய வக்கீல்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய நிலை வந்தது. தமையனார் அதற்கு நியாயம் சொன்னார்; தம்பி இணங்கினார். பம்பாயில் காத்த உறுதியை இராஜகோட்டில் விட்டுவிட்டதைப் பின்னாளில் அவரே தம் வரலாற்றில் ஒப்புக்கொண்டார்.

தாதா அப்துல்லாவின் வழக்கு

1893-இல் தாதா அப்துல்லா கம்பெனியாரின் வழக்குக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றார். ஓராண்டுக்கு 105 பவுன் ஊதியம். போக வர முதல் வகுப்புக் கட்டணமும் தங்கும் செலவும் தனி. வழக்கின் மதிப்போ 40,000 பவுன். அக்காலத்தில் அது பெருந்தொகை. எதிர்க்கட்சிக்காரரான தயாப் சேட்டும் தாதா அப்துல்லாவும் ஒரே ஊரினர், உறவினருங்கூட.

காந்தியடிகள் கணக்குகளை நுணுகிப் படித்தார். தம் கட்சிக்காரர் பக்கம் வலுவாக இருப்பதைக் கண்டார். கூடவே வேறொன்றையும் கண்டார். இரு தரப்பிலும் வக்கீல்களின் கூலி ஏறிக்கொண்டே போயிற்று. வழக்கு நீண்டால் வென்றவரும் தோற்றவரும் ஒருசேர அழிவர். ஆகவே தயாப் சேட்டைத் தாமே நேரில் சந்தித்துப் பேசி, இரு தரப்பாரையும் நடுவர் தீர்ப்புக்கு இசையச் செய்தார். நடுவர் தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 37,000 பவுனும் செலவுத் தொகையும் தரவேண்டும் என்று முடிவாயிற்று.

அத்தொகையை ஒரே தவணையில் கேட்டிருந்தால் தயாப் சேட் திவாலாகியிருப்பார். மானமுள்ள வணிகர்க்கு அது இறப்பினும் கொடிது. வென்ற தம் கட்சிக்காரரையே வேண்டி, நீண்ட தவணைகளில் பணம் பெற்றுக்கொள்ள இசைய வைத்தார் காந்தியடிகள். இவ்வாறு இசைய வைப்பது நடுவர் தீர்ப்புக்கு இசைய வைத்ததைக் காட்டிலும் கடினமாக இருந்தது.

இங்கே நாம் ஒன்று நினைத்துப் பார்க்க வேண்டும். வழக்குத் தொகையில் அவருக்கு ஒரு பங்கு உண்டு என்ற ஏற்பாடு இருந்திருப்பின் இவ்வாறு செய்திருக்க முடியுமா? பத்தில் ஒரு பங்கு என்றாலும் 3,700 பவுன். தவணையை நீட்டச் சொல்லும் நாக்கு அப்போது எழுமா? அவருடைய ஊதியம் வழக்கின் முடிவோடு கட்டப்படவில்லை. ஆகவேதான் தம் கட்சிக்காரருக்கு எது நன்மை என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது.

நேட்டாலில் நின்றபோது

ஊர் திரும்ப இருந்தவரை நேட்டால் இந்தியர்கள் நிறுத்திக்கொண்டனர். இந்தியரின் வாக்குரிமையைப் பறிக்கும் சட்டத்தை எதிர்த்துப் பணியாற்ற அவர் தேவைப்பட்டார். அப்பொதுப் பணிக்கு ஊதியம் தர அவர்கள் முன்வந்தபோது அதனை அவர் ஏற்கவில்லை. தம் தொழில் வேலையைத் தந்தால் போதும் என்றார். ஏறத்தாழ இருபது வணிகர்கள் ஓராண்டுக்குத் தம் வழக்குகளை அவரிடம் ஒப்படைத்து முன்பணம் கொடுத்தனர். 1894-இல் நேட்டால் உச்சநீதிமன்றத்தில் அவர் பெயர் பதிவாயிற்று. நம் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலியாகச் சென்ற பாலசுந்தரம், முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் இரண்டு உடைந்து, இரத்தம் ஒழுக அவர் அறைக்கு வந்ததும் அந்நாட்களில்தான்.

1901-இல் தாயகம் திரும்ப முடிவு செய்தபோது நேட்டால் மக்கள் பொன்னும் வயிரமுமாகப் பரிசுகளைக் குவித்தனர். அவற்றுள் கஸ்தூரிபாய் அம்மையாருக்கென்று 50 கினி மதிப்புள்ள பொன் மாலையும் ஒன்று. அன்றிரவு அண்ணலுக்கு உறக்கம் வரவில்லை. பரிசு தந்தவர்களில் கட்சிக்காரர்களும் இருந்தனர். அவர்கள் தந்ததைத் தொழிலுக்கான அன்பளிப்பென்று சொல்லி வைத்துக்கொள்ளலாமே என்ற எண்ணத்திற்கும் அவர் இடம் தரவில்லை. அக்கட்சிக்காரர்களே பொதுப்பணியிலும் துணை நின்றவர்கள். எது கூலி, எது பொதுப்பணிக்கான நன்றி என்று பிரித்தறிய இயலாது. பிரிக்க இயலாதபோது எடுத்துக்கொள்ளக் கூடாது என்று முடிவு செய்தார். அம்மையார் அழுதார், வாதாடினார், தம் உழைப்பும் அதில் உண்டு என்றார். அவர் பேச்சிலும் நியாயம் இல்லாமல் இல்லை. இறுதியில் 1896-இலும் 1901-இலும் பெற்ற பரிசுகள் யாவும் அறக்கட்டளைப் பத்திரம் ஒன்றின்படி சமூகத்தின் பொருளாக வங்கியில் சேர்ந்தன.

ஜோகன்னஸ்பர்க்கில் எழுபது வழக்குகள்

இனி நம் பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம். மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள் 1903-இல் ஜோகன்னஸ்பர்க்கில் தொழில் தொடங்கினார். அந்நகரில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட ஒரு பகுதி இருந்தது. அதனை லொக்கேஷன் என்பர். அங்கு இந்தியர்கள் மனைகளை 99 ஆண்டுக் குத்தகையில் பெற்றிருந்தனர். நகராட்சியோ சாலை, விளக்கு, துப்புரவு எதையும் சரிவரச் செய்யவில்லை. தன் புறக்கணிப்பால் வந்த அழுக்கையே காரணமாகக் காட்டி அப்பகுதியை அழித்துவிட நகராட்சி முடிவு செய்தது. மக்களின் மனைகளை எடுத்துக்கொள்ளச் சட்டமன்றத்திடம் அதிகாரமும் பெற்றது.

குத்தகையுரிமை இருந்தமையால் நட்டஈடு தந்தாக வேண்டும். அதனை முடிவு செய்யத் தனி நீதிமன்றம் ஒன்று அமைந்தது. நகராட்சி கூறும் தொகையை ஏற்காதவர் அந்நீதிமன்றத்திற்குச் செல்லலாம். நகராட்சி கூறியதைவிட மிகுதியாகத் தீர்ப்பானால் வழக்குச் செலவையும் நகராட்சியே தரவேண்டும்.

அங்கு வாழ்ந்தோரில் பெரும்பாலோர் ஒப்பந்தக் கூலிகளாய் வந்து காலம் முடித்தவர்கள். பீகார்ப் பக்கத்தவரும் தென்னிந்தியரும். படிப்பறிவு குறைந்தவர்கள். அம்மனையன்றி வேறு சொத்தில்லாதவர்கள். தங்களைக் காக்க அவர்கள் நாடியது காந்தியடிகளைத்தான். அவர் கேட்டிருந்தால் எதையும் எழுதிக் கொடுத்திருப்பார்கள். கிடைக்கும் ஈட்டில் மூன்றில் ஒரு பங்கு என்றிருந்தால் அதற்கும் கைந்நாட்டு வைத்திருப்பார்கள்.

அவர் வகுத்த ஏற்பாடு வேறு. குத்தகை ஒன்றுக்குப் பத்துப் பவுன். வென்றாலும் தோற்றாலும் அதுவே. வென்றால் நீதிமன்றம் வழங்கும் செலவுத் தொகை அவரைச் சேரும். அச்செலவுத் தொகை நகராட்சியின் கையிலிருந்து வருவது. ஏழையின் நட்டஈட்டிலிருந்து பிடிக்கப்படுவதன்று. மனையிலோ மனைக்குக் கிடைக்கும் பணத்திலோ ஒரு காசும் தமக்கு உரிமையாக்கிக்கொள்ளவில்லை. பெறும் கூலியில் பாதியை ஏழைகளுக்கான மருத்துவமனைக்கோ அதுபோன்ற நிலையத்திற்கோ ஒதுக்க எண்ணியிருப்பதாகவும் முன்கூட்டியே சொன்னார்.

ஏறத்தாழ 70 வழக்குகள் நடந்தன. ஒன்றே ஒன்றுதான் தோல்வி. கூலியாகக் கணிசமான தொகை சேர்ந்தது. அப்போது தொடங்கியிருந்த இந்தியன் ஒப்பீனியன் இதழ் ஓயாமல் பணம் கேட்டது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் என நான்கு மொழிகளில் வெளிவந்த அவ்விதழுக்கே இக்கூலிப் பணத்தில் சுமார் 1,600 பவுன் சென்றுவிட்டதாக அவர் பின்னாளில் நினைவு கூர்ந்தார். காந்தி சாகிப் என்று தொலைவில் நிற்காமல், காந்தி பாய் என்று அம்மக்கள் அவரைச் சகோதரராக அழைத்தனர்.

கூலி நிலையாக இருந்தமையால் எழுபது பேரில் எவருடைய மனை பெரிது, எவருடைய வழக்கு இலாபமானது என்று பொறுக்கியெடுக்கும் தேவை அவருக்கில்லை. சிறு மனைக்காரனுக்கும் அதே உழைப்பு. பங்குக்கு வழக்காடும் வக்கீலோ பெரிய மனையைத் தேடுவார். சிறிய மனையைத் தள்ளுவார். வழக்கு இடையிலே சமாதானமாகப் போவது கட்சிக்காரனுக்கு நன்மை என்றாலும், தம் பங்கு குறையுமே என்று தயங்குவார். சில வேளை தம் பங்கு விரைந்து வரட்டும் என்று குறைந்த தொகைக்கும் தலையசைத்துவிடுவார். எப்படியாயினும், தராசைப் பிடிப்பவரே தட்டில் ஏறி அமர்ந்த நிலைதான்.

பிளேக்கும் புதைத்த பணமும்

நட்டஈடு முடிவாகியும் மக்கள் வேறிடம் போக வழியின்றி அங்கேயே வாழ்ந்தனர். 1904-இல் பிளேக் நோய் பரவியது. காந்தியடிகளும் தோழர்களும் உயிரைப் பொருட்படுத்தாமல் நோயாளிகளுக்குப் பணி செய்தனர். லொக்கேஷனைக் காலி செய்து தீயிட்டுக் கொளுத்த நகராட்சி முடிவு செய்தது. மக்கள் நகரிலிருந்து பதின்மூன்று மைல் தொலைவிலுள்ள கிளிப்ஸ்புரூட்டில் கூடாரங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அம்மக்களுக்கு வங்கி தெரியாது. சேமித்த காசையெல்லாம் மண்ணில் புதைத்து வைத்திருந்தனர். ஊரே எரியப்போகிறது என்றதும் தோண்டியெடுத்துக் காந்தியடிகளிடம் கொண்டுவந்து கொட்டினர். செம்பும் வெள்ளியுமான நாணயக் குவியல் அவர் அறையை நிறைத்தது. நோய்ப் பகுதியிலிருந்து வந்த காசைத் தொட வங்கி ஊழியர் அஞ்சுவர் என்ற தயக்கமும் இருந்தது. தெரிந்த வங்கி நிர்வாகி ஒருவர் துணை செய்ய, நாணயங்கள் கிருமி நீக்கப்பட்டு வங்கியில் சேர்ந்தன. மொத்தம் ஏறத்தாழ 60,000 பவுன். இதற்காக அவர் ஒரு காசும் கூலி பெறவில்லை. துன்ப வேளையில் செய்யும் வேலைக்குக் கூலி கேட்கலாகாது என்பது அவர் கருத்து. வசதியுள்ளோர்க்கு அதை நீண்ட கால வைப்பாக வைக்கவும் கற்பித்தார். மண்ணில் பணம் புதைத்தவர்கள் இவ்வாறு வங்கிப் பழக்கம் பெற்றனர்.

பத்ரியின் ஆயிரம் பவுன்

இத்தகையவரும் ஒருமுறை வழுக்கினார். அதே ஜோகன்னஸ்பர்க் காலத்தில் ஓர் அம்மையார் சைவ உணவு விடுதி ஒன்றை நடத்தி வந்தார். விடுதியைப் பெரிதாக்கப் பணம் வேண்டுமென்று அண்ணலை அணுகினார். கட்சிக்காரர்கள் அவரிடம் பணத்தைக் கொடுத்து வைப்பது வழக்கம். அவர்களுள் பத்ரி என்பவர் ஒப்பந்தக் கூலியாக வந்து முன்னேறியவர். பெருந்தன்மையும் நம்பிக்கையும் மிக்கவர். அவர் பணத்திலிருந்து கடன் கொடுக்கலாமா என்று காந்தியடிகள் கேட்டார். தமக்கு ஒன்றும் தெரியாதென்றும், தெரிந்தவர் காந்தி பாய் ஒருவரே என்றும், விருப்பம்போல் செய்யலாம் என்றும் பத்ரி சொல்லிவிட்டார். 1,000 பவுன் கைமாறியது. இரண்டு மூன்று மாதங்களில் அப்பணம் திரும்பாது என்பது தெரிந்துவிட்டது.

காந்தியடிகள் அத்தொகையைத் தாமே ஈடு செய்தார். பத்ரிக்கு இழப்பில்லை. எனினும் கட்சிக்காரரான நண்பர் ஒருவர் அவரை அன்போடு கண்டித்தார். சீர்திருத்த ஆர்வத்திற்குக் கட்சிக்காரர் பணத்தை எடுத்தாண்டால் ஏழைகள் அழிவர், நீங்களும் அழிவீர்கள், நம் பொதுப்பணியும் நின்றுவிடும் என்பது அவர் கூறியதன் சாரம். அந்நண்பரின் தூய்மையை வியந்து, அண்ணல் அவ்வறிவுரையைத் தலைமேற்கொண்டார். அதன்பின் அவ்வாறு செய்யவில்லை.

இந்நிகழ்ச்சியில்தான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை இருக்கிறது. இங்கே தன்னலம் இல்லை. பத்ரியின் இசைவும் இருந்தது. இருந்தும் அது தவறாயிற்று, ஏன்? பத்ரியின் இசைவு கணக்குப் பார்த்துத் தந்த இசைவன்று. நம்பிக்கையால் தந்த இசைவு. வக்கீலிடம் மறுத்துச் சொல்லக் கட்சிக்காரருக்கு நா எழாது. தம் வழக்கு அவர் கையில். தம் இரகசியம் அவர் நெஞ்சில். சந்தையில் இரு வணிகர் பேரம் பேசுவது போன்ற சமநிலை அங்கில்லை. நல்லெண்ணமுள்ள காந்தியடிகளிடமே இசைவு போதுமான காவலாக இல்லையென்றால், பொருளாசை கொண்டவரிடம் அது எவ்வாறு காவலாகும்?

சட்டம் சொல்வது

நம் நாட்டுச் சட்டமும் இக்கருத்தையே பின்பற்றுகிறது. வழக்கில் வரும் பொருளில் பங்கு பெறும் ஒப்பந்தத்தை இங்கிலாந்தின் பழைய சட்டம் முழுதும் விலக்கியது. அதே கடுமை இந்தியாவில் பொதுமக்களுக்குப் பொருந்தாது என்று 1876-இல் பிரிவி கவுன்சில் கூறியது. ஏழை ஒருவன் பிறரிடம் பொருளுதவி பெற்று வழக்காடலாம் என்பதே அதன் கருத்து. ஆனால் வக்கீலுக்கு அவ்விலக்கு இல்லை. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 136-ஆம் பிரிவு, நீதிபதிகளும் வழக்கறிஞர்களும் நீதிமன்ற அலுவலர்களும் வழக்காடிப் பெறவேண்டிய கடனுரிமைகளை விலைக்கு வாங்குவதைத் தடுக்கிறது. கிடைக்கும் தொகையில் பாதியைக் கூலியாகப் பேசிய மூத்த வழக்கறிஞர் ஒருவரை 1954-இல் உச்சநீதிமன்றம் தொழிலிலிருந்து சில காலம் நிறுத்தி வைத்தது. சாதாரண மனிதர் செய்யக் கூடிய ஒப்பந்தமானாலும் வழக்கறிஞர் செய்தால் அது தொழில் ஒழுக்கக் கேடு என்பது அத்தீர்ப்பின் கருத்து.

1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின்கீழ் இந்திய பார் கவுன்சில் வகுத்த விதிகள் இன்னும் தெளிவானவை. வழக்கின் முடிவைப் பொறுத்துக் கூலி பேசுதல், கிடைக்கும் பொருளில் பங்கு பெறுதல், தாம் நடத்திய வழக்கில் தீர்ப்பு நிறைவேற்றத்திற்காக ஏலத்திற்கு வரும் சொத்தைத் தமக்காகவோ பிறருக்காகவோ ஏலம் எடுத்தல் ஆகியவை விலக்கப்பட்டுள்ளன. கட்சிக்காரர் பணத்திற்குக் கணக்கு வைத்தல் கடமையாக்கப்பட்டுள்ளது. கூலி பாக்கிக்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டுகளைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று 2000-இலும், விகிதக் கணக்கில் கூலி பெறுவது கூடாது என்று 2017-இலும் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியானால் பொருளற்ற ஏழைக்கு வழக்காடுபவர் யார் என்ற கேள்வி எழும். அது தள்ளத் தக்கதன்று. சில நாடுகளில் வெற்றியைப் பொறுத்த கூலி முறைக்கு இடமளித்திருப்பதும் இதனால்தான். நம் நாடு இலவச சட்ட உதவியை அதற்கு வழியாகக் கொண்டது. அரசியலமைப்பின் 39-அ பிரிவும் 1987-ஆம் ஆண்டுச் சட்டமும் அதற்காக வந்தவை. அவ்வுதவி எல்லார்க்கும் எட்டும்படி செய்வது நம் கடமை. எட்டாத இடங்களில் குத்தகை ஒன்றுக்குப் பத்துப் பவுன் என்று நியாயமான கூலி பேசும் வழக்கறிஞர்களும் தேவை.

நிறைவு

சத்தியாக்கிரகப் போர் வலுத்தபோது காந்தியடிகள் தொழிலையே துறந்தார். 1914-இல் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டார். நாட்டு விடுதலைப் போரில் சிறை சென்றமையால் 1922-இல் இன்னர் டெம்பிள் தன் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தது. அவர் மறைந்து நாற்பது ஆண்டுகள் கழித்து, 1988-இல், அப்பெயரை மீண்டும் சேர்த்தது. பட்டியலில் பெயர் இருந்தபோதும் இல்லாதபோதும் அவர் ஒருவராகவே இருந்தார்.

நண்பர்களே! நம்மில் சிலர் நாளை கறுப்பு அங்கி அணிவோம். சிலர் கூட்டுறவுச் சங்கத்திலும் வங்கியிலும் வருவாய்த் துறையிலும் அமர்வோம். படிக்காத ஒருவர் தம் பத்திரத்தை நம் மேசைமேல் வைத்து, நீங்கள் பார்த்து எது செய்தாலும் சரி என்பார். அச்சொல் கேட்பதற்கு இனிது. ஆனால் பெரிய சுமை. அவ்வேளையில் பத்ரியின் ஆயிரம் பவுன் நம் நினைவுக்கு வருமானால், பத்திரம் வந்தபடியே அவர் கைக்குத் திரும்பும்.